தலைமாடு

மழை பெய்து ஓய்ந்த இரவுகளில்தான் அது தெரியவருகிறது. சன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் படுத்தபின், அறைக்குள் ஈரம் கூடக்கூடத் தலைமாட்டிலிருந்து ஒரு வாசனை மெல்லக் கிளம்பும். நாற்றம் என்று சொல்லிவிட முடியாது. செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் முகத்தில் வந்து மோதுமே, அதில் கொஞ்சம். அதற்கடியில் மீனெண்ணெய் மாதிரி ஒன்று. அதற்கும் அடியில், கொல்லைக் கொடியில் தனியாகக் கிடந்த அப்பாவின் சட்டை. இந்த மூன்றாவது வாசனை தோலில் இருக்கிறதா, என் நினைப்பில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எட்டு மாதமாக அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டிலின் தலைப்பக்கத்துக்கு நானே செய்து மாட்டிய மெத்தைப் பலகை அது. ஐந்தடி அகலம், மெத்தைக்கு மேலே இரண்டரை அடி உயரம், மூன்று பாகம், பழுப்பு நிற மாட்டுத்தோல். பார்த்தவர்கள் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். முதல் முறை கை வைத்தவனுக்கு நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் புத்தகத்தோடு சாய்ந்து உட்காரும்போது, முதுகு அதில் படும் அந்த முதல் நொடியில் உடம்பு ஒரு நூல் அளவு பின்வாங்குகிறது. பிறகு சாய்ந்துகொள்கிறது. அந்த ஒரு நூல் எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தலைமாடு என்ற சொல் எந்தப் பொருளையும் குறிப்பதில்லை. அது படுத்தவனின் தலை இருக்கும் பக்கம், அவ்வளவுதான். பாயில் படுத்தாலும் தலைமாடு உண்டு, திண்ணையில் துண்டை விரித்தாலும் உண்டு. கட்டிலுக்குச் சாய்மானப் பலகை வந்தது மிகப் பின்னால். ஆனால் அந்தப் பக்கத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதில் நம் வீடுகளுக்குத் திட்டமான கருத்து இருந்திருக்கிறது. சொம்பில் தண்ணீர் இருக்கலாம். கைவிளக்கு இருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு துண்டு இரும்பு. கடைசியில் எல்லோருக்கும் ஒரு விளக்கு. வடக்கே தலைவைக்கக் கூடாது. வேண்டாத ஊரையும் வேண்டாத உறவையும் சொல்லும்போது, அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்கிறோம். கால் வைக்க மாட்டேன் என்பதைவிட இது கடுமையானது. காலை வைத்தால் கழுவிக்கொள்ளலாம். தலையை வைப்பது தூக்கத்தை ஒப்படைப்பது. ராணிப்பேட்டையைப் பற்றி என் அத்தை இதே வாசகத்தைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது, ராணிப்பேட்டைக் காற்று எட்டும் தூரத்துக்குப் பேருந்து வந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். எங்கள் வீட்டுச் சோறு அந்தத் திசையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் வாலாஜாபேட்டை, துணி ஊர். நெசவாளர் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு நூலும் பாவும் சாயமும் பழக்கம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 சூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது எங்கள் பெயரைத் தாங்கிய வாலாஜா ரோடு நிலையத்தில்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். தோலைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அது பக்கத்து ஊர்களின் சமாச்சாரம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் வரும் வரிசை அது. என் அப்பா ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினார். முப்பது வருடம். அவர் தோலைத் தொட்டதே குறைவு. எத்தனை உருப்படி உள்ளே வந்தது, எத்தனை சதுர அடியாக வெளியே போனது என்று பேரேட்டில் பதிவது அவர் வேலை. இருந்தும் மாலையில் வந்தால் வாசல் வழியாக நுழையமாட்டார். பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கிணற்றடியில் சட்டையைக் கழற்றி, குளித்துவிட்டு ஈரத்துண்டோடுதான் உள்ளே வருவார். அந்தச் சட்டை எங்கள் துணிகளோடு சேர்த்துத் துவைக்கப்பட்டதில்லை. நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்பது அம்மா சொன்ன காரணம். சிறுவனாக இருந்தபோது அது எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

பலகை செய்யும் எண்ணம் முதுகுவலியிலிருந்து வந்தது. பழைய கட்டில், தலைப்பக்கம் மொட்டை. சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு உதிர்ந்தது. கடையில் ரெக்சின் போர்த்திய பலகைகளைப் பார்த்தேன். ஒரு கோடை கழிந்தால் உரியப்போகும் பளபளப்பு. தோல் ஊர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பிளாஸ்டிக்கில் ஏன் தலை சாய்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது, இப்போது யோசித்தால். லாட்டில் தோல் விற்கும் கடை ஒன்றில், ஏற்றுமதிக்குத் தேறாமல் கழிக்கப்பட்ட அடுக்கிலிருந்து மூன்று உருப்படிகளைப் பொறுக்கினேன். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. ஆனால் ஒரு மாடு செவ்வகமாக இருப்பதில்லை. பதினான்கு அடி என்று முத்திரை போட்ட உருப்படியை வீட்டுக்கு வந்து தரையில் விரித்தபோது கழுத்து, தோள், முதுகு, வயிறு, தொடை என்று பாதி விலங்கு படுத்திருந்தது. அகலம் முழுக்க ஒரே துண்டாகப் போர்த்த வழியில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் மூன்று பாகம்.

முக்கால் அங்குலப் பிளைவுட்டைத் தச்சரிடம் கொடுத்து மூன்றாக அறுத்து வாங்கினேன். இரண்டு அங்குல ஃபோம் வாங்கினேன், நாற்பது டென்சிட்டி. நாற்பது என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு கனமீட்டர் இந்த ஃபோமின் எடை நாற்பது கிலோ என்று கடைக்காரர் சொன்னார். அம்மாவின் தலையணை இன்னும் இலவம்பஞ்சுதான். அதைக் கையில் எடுத்து எடைபோட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல். ஃபோமை ஆக்சா பிளேடால் அறுத்து, பலகைக்கும் ஃபோமுக்கும் பசை தடவி, உடனே ஒட்டாமல் பத்து நிமிடம் காயவிட்டு, விரல் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் சேர்க்க வேண்டும். ஃபோமின் மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவினால்தான் முகப்பு வளைந்து இறங்கும். அதன்மேல் ஒரு சுற்றுக் காடாத் துணி. துணி ஊர்க்காரனுக்குத் துணிவரை எல்லாம் சுலபமாக இருந்தது. இழுத்தால் வந்தது. கோணினால் அடித்த ஸ்டேப்லர் பின்னைப் பிடுங்கி மறுபடி இழுத்தேன். பிடுங்கிய ஓட்டை நூலுக்கு நடுவில் தானாக மூடிக்கொண்டது.

தோல் அப்படி இல்லை. முதல் பாகத்திலேயே மேல்விளிம்பு கோணலாகப் போனது. நான்கு பின்களைப் பிடுங்கினேன். நான்கு ஜோடி ஓட்டைகள் அப்படியே நின்றன. ஊசி போன தடம் தோலில் மூடுவதில்லை. உயிரோடு இருந்தபோது மூடியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் வேலை பார்த்து நின்றவர். கால் வடிவ அச்சின் மேல் ஷூவின் மேல்தோலை இழுத்துப் பொருத்தும் வேலை. சந்தில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு நான் மல்லாடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். “துணி கேக்கும் தம்பி, தோலு கேக்காது. அது ஒருவாட்டி உயிரோட இருந்துது இல்ல? நீ இஸ்த பக்கமெல்லாம் வராது. முதுகு டைட்டா நிக்கும். வயித்துப் பக்கம்தான் வரும், அது வந்துனே இருக்கும்.” சொல்லிக்கொண்டே தோலை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எது முதுகு எது வயிறு என்று விரலால் கோடு கிழித்துக் காட்டினார். அதன்பின் அவர் காட்டிய முறையில்தான் செய்தேன். மேலே நடுவில் ஒரு பின். எதிரே கீழே நடுவில் ஒரு பின். வலம் நடுவில், இடம் நடுவில். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, ஒருபக்கம் இரண்டு அடித்தால் எதிர்ப்பக்கம் இரண்டு. மூலையில் தோல் மடிந்து தடித்துக்கொண்டால் அடிப்பக்கத்திலிருந்து கத்தியால் சீவி எடுக்க வேண்டும், பூ மாதிரி, முகப்பில் தெரியாமல். அவர் சீவிய துருவல்கள் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சுருண்டு விழுந்தன. மேலே பழுப்புச் சாயம், நடுவில் இந்த நீலம். குரோமியம் உள்ளே போன தோலின் நிறம் அதுதான். கம்பெனிகளில் வெட் புளூ என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குள் இன்னொரு நிறம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நடுப்பாகத்துக்கு எடுத்த தோலில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. யாரோ ஒருவர் தன் மாடு என்பதற்காகக் காய்ச்சிய இரும்பால் போட்ட குறி. வளைந்த ஒரு கோடு, அதன் தலையில் புள்ளி மாதிரி ஒன்று. எழுத்தா எண்ணா என்று தெரியவில்லை. கழிவு லாட்டுக்கு அந்த உருப்படி வந்ததற்கே அதுதான் காரணமாக இருக்கும். மெத்தைக்குக் கீழே மறைந்துவிடும் என்று கணக்குப்போட்டு அதைக் கீழ்விளிம்பு ஓரமாக வைத்துக்கொண்டேன். ஆனால் தழும்புள்ள இடம் இழுபடுவதில்லை. சுற்றியிருந்த தோல் நீண்டு கொடுக்க, தழும்பு மட்டும் சுருங்கி இறுகி, மேல்பக்கத்து இழுப்புக்கு மொத்தமாக நகர்ந்து ஏறிவிட்டது. கவிழ்த்துப் போட்டு வேலை செய்ததால் எனக்குத் தெரியவில்லை. நிமிர்த்தியபோது மெத்தை மட்டத்துக்கு நான்கு விரல் மேலே, நட்டநடுவில் நின்றது. பிரித்தால் ஓட்டை. விட்டுவிட்டேன். இப்போது நான் ஒருக்களித்துப் படுத்தால் இடது காதுக்கு நேராக இருக்கிறது.

சுவரில் மாட்டி முடித்த அன்று அம்மாவை அழைத்துக் காட்டினேன். வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரவில்லை. “இன்னாடா பண்ணி வெச்சிக்கிற? உங்கப்பா முப்பது வருஷம் வாசப்படிக்கி உள்ள கொண்டாராதத நீ தலமாட்டுல ஆணி அடிச்சி வெச்சிக்கிறியே.” கோபமாகச் சொல்லவில்லை. திகைப்பாகச் சொன்னார். நான் சுத்தம்பற்றி ஏதோ விளக்கினேன். பதனிட்ட தோல், சாயம் ஏற்றியது, கிருமி கிடையாது, வெளிநாட்டில் சோபா முழுக்க இதுதான் என்றேன். அவர் கேட்டது அதை இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் தோலுக்கு இடம் வாசலுக்கு வெளியே. செருப்பு அங்கேதான் நிற்கிறது. செருப்பைக் கையால் நகர்த்தினால்கூடக் கை கழுவுகிறோம். தோலை உரித்தவரை, ஊறப்போட்டவரை, தைத்தவரை அதே வாசலுக்கு வெளியே, ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. காலோடு சேர்ந்த பொருள், காலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட மனிதர்கள். அப்பா அந்தச் சாதியில் பிறந்தவரில்லை. ஆனால் அந்தப் பொருளின் பேரேட்டைத் தொட்டதற்கே சந்துவழி நடந்தார். அம்மா அதை நாற்றம் என்று சொன்னார். நாற்றம் என்ற சொல்லுக்குள் தீட்டு என்ற சொல் எவ்வளவு பத்திரமாக ஒளிந்துகொள்ளும் என்பதை இந்தப் பலகை வரும்வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்படியானால் என் முதுகின் பின்வாங்கலும் அதுதானா? அம்மாவுக்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு நான் வைத்திருந்த காரணம் வேறு, பார்க்க மரியாதையானது. ஆறு. பாலாறு. உப்பிட்டு வந்த தோலைக் கழுவுவதிலிருந்து தொடங்கிச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதை சுரண்டி, அமிலத்தில் போட்டு, குரோமிய உப்பில் உருட்டி, சாயமும் எண்ணெயும் ஏற்றுவதுவரை எல்லாமே தண்ணீரில் நடக்கிற காரியம். உள்ளே வரும் தோலின் எடையில் கால் பங்குக்குப் பக்கமாகத்தான் தோலாக வெளியே போகிறது. மீதி உப்பாகவும் கொழுப்பாகவும் மயிராகவும் கசடாகவும் இங்கேயே தங்குகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்ன தீர்ப்பை ஒருமுறை சாய்ந்து உட்கார்ந்து, இந்தப் பலகையில்தான், வாசித்தேன். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில் பயன்படும் ரசாயனங்கள் சுமார் 170. தோல் பகுதியில் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர். கெடுத்தவர் ஈடுகட்ட வேண்டும் என்பதையும், கெடும் முன் தடுக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டுச் சட்டத்துக்குள் நிறுத்தியது அந்தத் தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் நாடு முழுக்க அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். 2025 சனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே ஆற்றுக்காக, இழப்பீடு கொடுங்கள், குழு அமையுங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டு தேதிகளுக்கும் நடுவில் 28 வருடம் 5 மாதம். எங்கள் தெருவில் குடிக்கும் தண்ணீர் கேனில் வருகிறது.

இந்தக் காரணம் பொய்யில்லை. தோல் மென்மையாவதென்றால் அதிலிருந்த கடுமை எங்காவது போயாக வேண்டும். கையில் பிடித்தால் குழைகிற இந்தப் பழுப்புத் தோல் ஒரு காலத்தில் உப்பேறி விறைத்துப் பலகை மாதிரி இருந்தது. விறைப்பை நீரில் இறக்கினார்கள். நீர் விறைத்துக்கொண்டது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட காலத்தில் இது மெதுவாக, வாரக்கணக்கில் நடந்தது. ஆவாரையில் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும், அதைத் தடுக்கக் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முக்கு என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் செய்துகாட்டினார். வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. பிறகு ராணிப்பேட்டையிலேயே குரோமிய உப்புத் தயாரிக்கும் ஆலை ஒன்று வந்து, ஓடி, 1990களில் மூடப்பட்டு, லட்சக்கணக்கான டன் கழிவை மேடாக விட்டுவிட்டுப் போனது. 2006ஆம் ஆண்டில் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு சேர்ந்து ராணிப்பேட்டையின் பெயரும் வந்தது. ஆவாரைக் காலத்தை ஏக்கத்தோடு நினைப்பதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் குழிகளிலும் யாரோ இடுப்பளவு நின்றார்கள். டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை வைத்து எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது வாங்கி வைத்தேன், இந்த எட்டு மாதத்தில்தான் முழுதாகப் படித்தேன். தலைக்குப் பின்னால் தோல், கையில் ‘தோல்’.

ஆனால் இந்த மரியாதையான காரணம் எனக்கு ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதில்தான் சந்தேகம். ஆறு செத்தது என்று வருந்தும்போது என்னையறியாமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறேனா? அத்தை பேருந்தில் செய்ததைத்தான் நான் வாக்கியங்களில் செய்கிறேனா? மாசு என்ற சொல் தமிழில் இரண்டு பக்கமும் ஓடக்கூடியது. ஆற்றிலும் மாசு, ஆளிலும் மாசு. சுற்றுச்சூழலைப் பேசும் கட்டுரைகளில், என் கட்டுரைகளிலும், தோல் கம்பெனிகள் வரும். ஆறு வரும். வயல் வரும். தோலை உருளையிலிருந்து இழுத்துப் போடுகிறவரின் கை அபூர்வமாகத்தான் வரும். அக்கா என்னருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூலையைச் சீவிக்கொண்டிருந்த அரைமணி நேரம், அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கே பிளந்து கெட்டியாகி, கருத்து, கொம்பு மாதிரி ஆகியிருந்தது. இருபது வருடம் இழுத்த விரல். வேலை முடிந்ததும் அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தார். எந்த டம்ளரில் கொடுத்தார் என்று நான் கவனித்தேன். கவனித்ததற்காக வெட்கப்பட்டேன். எங்கள் டம்ளரில்தான் கொடுத்தார். ஆனால் என் கண் அங்கே போனது.

2015 சனவரி 31 அன்று, நள்ளிரவு கடந்த நேரத்தில், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் அமிழ்ந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்போது செய்தித்தாளில் படித்தேன். சுத்திகரிப்பு விதிமுறை, தொட்டியின் கொள்ளளவு, அனுமதி என்றெல்லாம் வந்ததைப் படித்தேன். படுத்திருந்தார்கள் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன். பலகையை மாட்டியபிறகுதான் அந்தச் சொல் திரும்பி வந்தது. வேலை செய்யும் இடத்திலேயே படுத்தவர்களுக்குத் தலைமாடு எந்தப் பக்கம்? ஏதோ ஒரு சுவரை ஒட்டித்தான் தலைவைத்திருப்பார்கள். எல்லோரும் அப்படித்தான் படுக்கிறோம். சுவர் பக்கம் தலை, திறந்த பக்கம் கால். சுவர் காக்கும் என்பது யோசித்து வருகிற நம்பிக்கையல்ல, பிறந்த குழந்தை தாயின் பக்கம் தலையைத் திருப்புவதுபோல. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று என் அத்தை சொன்ன அதே பக்கத்தில், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து தலைவைத்துப் படுத்தவர்கள் அவர்கள்.

மழை இரவில் கண் விழித்துக் கிடக்கும்போது மோசிகீரனார் நினைவுக்கு வருவார். களைப்பில் முரசுக் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்ட புலவர். முரசு நீராட வெளியே போயிருந்த நேரம். வாளால் வெட்டவேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை சாமரம் எடுத்து வீசினான் என்று சொல்லும் புறநானூற்று 50ஆம் பாட்டு. அரசனின் பெருந்தன்மைக்காகவே எல்லோரும் இதைச் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறொன்று தெரிகிறது. அந்தக் கட்டில் தோலுக்காக விரிக்கப்பட்டது. மனிதன் அதில் படுத்தால் உயிர்க்குற்றம். இரண்டு காளைகளை மோதவிட்டு, வென்றதன் மயிர் சீவாத தோலை முரசுக்குப் போர்த்தியதாக அதே தொகையின் 288ஆம் பாட்டில் வருகிறது. தோலுக்கு அங்கே பச்சை என்று பெயர். ராணிப்பேட்டையில் பதனிடாமல் வந்திறங்கும் தோலை இன்றும் பச்சைத்தோல் என்றுதான் சொல்கிறார்கள். அப்பாவின் பேரேட்டில் முதல் பத்தியின் தலைப்பு அதுதான். வீரத்தின் தோல் என்றால் பூ விரித்த கட்டில். பிழைப்பின் தோல் என்றால் வாசலுக்கு வெளியே. ஒரே தோல், ஒரே சொல். மிருதங்கத்தைப் பூசையறையில் வைத்துக் கும்பிடும் வீடுகளில், அதற்குத் தோல் மூட்டியவருக்கு எதுவரை அனுமதி என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

சிலநாள் இதைக் கழற்றிவிடலாமா என்றும் நினைத்தேன். ஸ்குருவைத் திருகினால் பத்து நிமிட வேலை. கழற்றி எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது கை நின்றுவிடுகிறது. சந்தில் சாத்தி வைக்கலாம், கொல்லையில் வைக்கலாம். இரண்டுமே அப்பா சட்டையைக் கழற்றிய வழியும் இடமும். ஆற்றுக்காக வருந்திக் கழற்றினேன் என்று நானே நம்பினாலும், தோல் மறுபடியும் வாசலைத் தாண்டிப் போயிருக்கும். இங்கே பதனிட்ட தோலின் பெரும்பகுதி எங்கோ தொலைவில் யாருடைய காலிலோ தோளிலோ இருக்கையிலோ போய்விட்டது. அங்கே அதற்கு வாசனைகூட வேறு பெயர். நாங்கள் சம்பளத்தை உள்ளே எடுத்துக்கொண்டு, பொருளை வெளியே அனுப்பிவிட்டு, நாற்றத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது பொருளில் ஒரு துண்டு வீட்டுக்குள் வந்து தலைமாட்டில் நிற்கிறது. உடம்பு கொஞ்சம் பின்வாங்குகிறது என்றால் பின்வாங்கட்டும். அது என்ன என்று இரவுதோறும் கேட்டுக்கொள்ளவாவது அது அங்கே நிற்க வேண்டும்.

நேற்று நடுப்பாகத்துத் தழும்பின்மேல் எண்ணெய் தடவினேன். தோல் வெடிக்காமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவ வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். சுற்றியுள்ள தோல் எண்ணெயைக் குடித்துக் கருத்தது. தழும்பு குடிக்கவில்லை. அம்மா இன்னும் அந்த அறையில் படுப்பதில்லை. ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். வாசல்நிலையில் நின்று, கையை நீட்டி.